பெயரில்லாத மாத்திரை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இது தொடங்கியது. என் அண்ணனைக் கால்பந்திலிருந்து இரண்டு ஆண்டுகள் விலக்கிவைத்த தீர்ப்பில் வேறொரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அவனிடமிருந்து சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்ட நாள் அது. ஊரைக் கேட்டால், செய்தி கைப்பேசிகளில் வந்து சேர்ந்த நாளைச் சொல்வார்கள். நான் அந்தப் புதன்கிழமை மாலையைச் சொல்கிறேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாளிதழ்த் துண்டில் மடித்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, மூன்று மாத்திரைகளை அண்ணனின் உள்ளங்கையில் வைத்தாள். கடலுக்குப் போன சாமி கோயிலுக்குத் திரும்பியிருக்குமா என்று அப்போதுதான் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் நேரம் நினைவில் இருக்கிறது.

அன்று மாசி மகம். அண்ணன் வெளிமாநிலத்து அணியொன்றில் ஒப்பந்த ஆட்டக்காரன். பின்வரிசையில் இடப்பக்கம் ஆடுபவன். அந்த வாரச் சனிக்கிழமை அவனுக்குப் போட்டி இருந்தது. முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அணி அவனை இரண்டு நாள் ஊருக்கு அனுப்பியிருந்தது. எங்கள் ஊர் அந்த நிபந்தனையை அறியாது. சாமியைக் கடலுக்குத் தூக்கிப்போகும்போது முன்வரிசைத் தண்டில் தோள்கொடுப்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. தொலைக்காட்சியில் முகம் தெரிந்த ஒருவனுக்கு அதைக் கொடுக்காமல் விட்டால் ஊருக்குக் குறை. கொடுத்ததை அவன் மறுத்தால் சாமிக்குக் குறை. அவன் செருப்பில்லாமல், சுடுமணலில், முன்தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான். அலை வந்து மணலை அரித்த இடத்தில் அவனுடைய வலது கால் உள்வாங்கியது. தண்டின் பாரம் முழுவதும் ஒரு கணம் அந்த முழங்காலில் இறங்கியது. அவன் முகம் மாறியதை நான் பெண்கள் கூட்டத்திலிருந்து பார்த்தேன். அவன் தண்டை விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது முழங்கால் வீங்கியிருந்தது. அணியின் மருத்துவரைக் கூப்பிடச் சொன்னேன். எப்படி வீங்கியது என்று கேட்பார்கள், சாமி தூக்கினேன் என்றால் சனிக்கிழமை பெஞ்சில்கூட உட்காரவிட மாட்டார்கள் என்றான். அம்மா அதற்குள் பொட்டலத்தை எடுத்துவிட்டாள்.

"இதப் போடு தம்பி. காலைல வலி இருந்த எடம் தெரியாது."

அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா உப்பளத்தில் கூலிக்குப் போகிறாள். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரையில் மலைபோல் குவிக்கும் அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும் வேலை. ஈர உப்பின் கனம் பார்வைக்குத் தெரியாது. பகலெல்லாம் நடந்துவிட்டு வரும் பெண்கள் மாலையில் சாலையோரத்து மருந்துக்கடையில் நின்று, "ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். எந்த நோய்க்கு என்று அவர்கள் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. அவர் அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, மாத்திரைகளைப் பிதுக்கியெடுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். பெயர் அச்சிட்ட அட்டை கடையிலேயே தங்கிவிடும். அம்மாவுக்கு அவை நிறங்களாக மட்டுமே தெரியும்: பெரிய வெள்ளை, மஞ்சள், சின்ன ரோஸ். வேலையை நடத்துவது அந்தச் சின்ன ரோஸ்தான் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். "ரோசு இல்லாத செட்டுன்னா எனக்கு வேணாம், அதுக்கு நான் பொரிய வாங்கித் தின்னுட்டுப் போறேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கடைக்காரரிடமே சொன்னாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் அன்று மாலையும் மறுநாளும் மாத்திரை போட்டான். வீக்கம் வடிந்தது. கிளம்பும்போது அம்மா மீதமிருந்ததை மடித்து அவன் பையின் பக்க அறையில் வைத்தாள். சனிக்கிழமை அவன் முழு நேரமும் ஆடினான். அம்மாவும் நானும் என் கைப்பேசியில் பார்த்தோம். ஆட்டத்தின் விதிகள் அம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் விழாமல் இருந்தால் அவளுக்கு அது வெற்றி. அன்று அவன் விழவில்லை. ஆட்டம் முடிந்ததும் மாதிரி கொடுக்க அழைக்கப்பட்டவர்களில் அவனும் ஒருவன். இதை அவன் எங்களிடம் சொல்லக்கூட இல்லை. சொல்லும்படியான விஷயமாக அவனுக்கு அது தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு பிற்பகல், கல்லூரி நூலகத்தில் இருந்தபோது அவன் கூப்பிட்டான். வெளியே வந்து பேசினேன். மாதிரியில் ஸ்டீராய்டு வகை மருந்து ஒன்று இருந்ததாகவும், விசாரணை முடியும்வரை ஆடக்கூடாது, அணியோடு சேர்ந்து பயிற்சிகூடச் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்திருப்பதாகவும் சொன்னான். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவர்கள் எழுதியிருந்த மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னான். நானும் எழுத்தெழுத்தாக வாங்கிக்கொண்டேன். இருவருக்கும் அந்தப் பெயர் புதிது.

அன்று மாலையே அந்தப் பெயரைக் கொண்டுபோய்க் கல்லூரி மருத்துவ அறைக்கு வரும் பெண் மருத்துவரிடம் கேட்டேன். வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் மருந்து, பல இடங்களில் சீட்டில்லாமலே வலி மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்றார். பிறகு, நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, வீட்டில் யாராவது இதைத் தொடர்ந்து போடுகிறார்களா, அவர்களுக்கு முகம் உப்பி வட்டமாகியிருக்கிறதா என்று கேட்டார். சென்ற ஆண்டிலிருந்து அம்மாவின் கன்னங்கள் பூரித்திருந்தன. மகன் சம்பாதிக்கிறான், உடம்பு தேறிவிட்டது என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்து மகிழ்ந்திருந்தேன். ஆண்டுக்கணக்கில் போட்டால் எலும்பைத் தின்றுவிடும், அதற்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த மூன்று நிறங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மே மாதத் தொடக்கத்தில் ஊருக்கு வந்தான். அதற்குள் செய்தி வந்துவிட்டது. 'ஊக்கமருந்து' என்று எழுதியிருந்தார்கள். தேநீர்க்கடையில் அவனோடு பள்ளியில் ஆடியவர்களே, "நாம கஞ்சி குடிச்சிட்டு ஓடுனோம், அவன் ஊசி போட்டுக்கினு ஓடியிருக்கான், அதாண்டா வித்தியாசம்" என்று சொன்னதாக எங்களுக்கு வந்து சொன்னார்கள். மாசி மகத்தன்று அவனுக்கு முன்தண்டைக் கொடுத்தவர்களில் ஒருவர், அப்படிப்பட்டவனைச் சாமியைத் தொடவிட்டது தப்பாகிவிட்டது என்றாராம். அம்மாவிடம் யாரும் நேராகப் பேசவில்லை. பாத்தியில் அவளுக்குக் கூடை தூக்கிவிடும் பெண்கள் செய்தி பரவிய அன்றைக்குப் பேச்சில்லாமல் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எவனோ வேண்டாதவன் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டான் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மருந்து அந்த ரோஸ் மாத்திரையில்தான் இருந்திருக்கும் என்று நான் அவனிடம் முன்பே சொல்லியிருந்தும் அண்ணன் அவளைத் திருத்தவில்லை. நான் திருத்த வாயெடுத்தபோது கண்ணால் தடுத்தான். பிறகு என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான்.

"பாப்பா, அம்மாகிட்ட இது போவக் கூடாது. ரோஸ் மாத்திரைன்னு ஒரு வார்த்த வரக் கூடாது."

விசாரணையில் மருந்து எங்கிருந்து வந்தது என்று நிரூபித்தால் தண்டனை குறையும், ஒருவேளை எச்சரிக்கையோடுகூட முடியும் என்று அவனுடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அதற்குக் கொடுத்தவர் சொல்ல வேண்டும். விற்றவரும் சொல்ல வேண்டும். அம்மாவைத் தவிர்த்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டான்.

நான்தான் போனேன். கூட்டம் குறைந்த நண்பகலில் போய், நடந்ததை முழுவதும் சொன்னேன். கடைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். உட்காரச் சொல்லி முக்காலி எடுத்துப் போட்டார். அண்ணன் சிறுவனாக இருந்தபோது அவன் முழங்காலுக்கு மருந்து வைத்துக் கட்டியவர் அவர்; அதையும் நினைவுபடுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் பொய் சொல்லலம்மா. குட்த்தேன். தெனம் குடுக்கறேன். ஆனா அத எழுதிக் குட்த்தா நாளைக்கு இந்தக் கடைக்குப் பூட்டு. கடை இல்லன்னா மறுநாளு உங்கம்மா எப்படி வேலைக்குப் போவாங்க, சொல்லு."

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று கோபப்பட முயன்றேன். ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்துக்குள் மூன்று பெண்கள் வந்து செட் வாங்கிப் போனார்கள். ஒருத்தி காகிதத்தைப் பிரித்து, ரோஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்தாள்.

அதே மாதத்தில் வேறொரு அணியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் மாதிரியிலும் இதே வகை மருந்து கிடைத்தது. அவருக்கு ஒரு நிபுணர் மூட்டில் ஊசி போட்டிருந்தார். மருந்தின் பெயர், அளவு, போட்ட நாள், போட்டவரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. சிகிச்சைக்கான மருந்து என்று காட்டி விதியிலிருந்து விலக்கையும் அவர் தரப்பு கேட்டுப் பெற்றது. அவர் அடுத்த போட்டியில் ஆடினார். இதைச் சொல்லி அண்ணனிடம் நான் பொருமியபோது அவன், "அவரு மேல தப்பு இல்ல பாப்பா, அவருக்கும் முட்டி வலிதானே" என்றான்.

நான் இலக்கியம் படிப்பவள். ஒரு வாக்கியத்தை அதன் சொற்களுக்காகப் படித்துப் பழகியவள். விதிமுறையில் இருந்த ஒரு வாக்கியத்தை அந்த வாரங்களில் பலமுறை படித்தேன். தன் உடலுக்குள் செல்லும் எதற்கும் ஆட்டக்காரரே பொறுப்பு என்பது அதன் சாரம். அதில் குறை காண முடியவில்லை. அந்த வாக்கியம் இல்லாவிட்டால், பிடிபடும் ஒவ்வொருவனும் தன் தாயைச் சாட்சிக்கு இழுப்பான். உண்மையிலேயே ஏமாற்றுபவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். அதை எழுதியவர்கள் நேர்மையானவர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் எழுதும்போது அவர்கள் மனத்தில் இருந்த உடல், தனக்குள் செல்வதன் பெயரை அறிந்த உடல். அட்டையை வாசிக்கும் கை, அட்டையோடு மருந்து தரும் கடை, கூப்பிட்டால் எடுக்கும் மருத்துவர் எல்லாம் அந்த உடலோடு சேர்ந்தே வருகின்றன. விதி அந்தப் பெயர்பெற்ற ஆட்டக்காரருக்கும் அண்ணனுக்கும் ஒன்றுதான். அவருடைய மருந்துக்குப் பெயர் இருந்தது. எங்களுடையதற்கு நிறம் மட்டும் இருந்தது.

இன்னொன்றும் தோன்றியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் அந்த மாத்திரையின் துணையோடு தொண்ணூறு நிமிடம் ஓடினான், அது குற்றம். அம்மா அதே மாத்திரையின் துணையோடு ஆண்டுக்கணக்கில் உப்பு சுமந்தாள். அவளிடம் யாரும் மாதிரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மாத்திரையை விட்டுவிடு, மருத்துவமனைக்குப் போகலாம் என்று அம்மாவிடம் இரண்டு மூன்று முறை பேசிப் பார்த்தேன். காரணத்தைச் சொல்லாமல் பேசியதால் என் பேச்சுக்கு வலுவில்லை. உப்பு விளைகிற காலத்தில் ஒரு நாள் போனால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள் என்றாள். மழை தொடங்கட்டும், பாத்தியெல்லாம் முழுகட்டும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் வருகிறேன் என்றாள். நான் விடாமல் நச்சரித்தபோது சிரித்துவிட்டாள். "நீ வந்து கூடையத் தூக்குடி, நான் மாத்திரயப் போடல."

விசாரணை ஜூலையில், காணொளி வழியாக நடந்தது. வீட்டில் நடந்தால் அம்மாவின் காதில் விழும் என்று, புதுச்சேரியில் என் தோழி ஒருத்தியின் அறையில் உட்கார்ந்து பேசினோம். நான் திரையில் தெரியாத பக்கம் நாற்காலி போட்டிருந்தேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். மாத்திரையின் பெயர் என்ன, அட்டை இருக்கிறதா, எந்தக் கடை, யார் கொடுத்தது. அண்ணன், பயணத்தில் ஏதோ ஒரு கடையில் வலிக்கு வாங்கிப் போட்டேன், நினைவில்லை என்றான். ஒருவர் மட்டும் கேள்வியை மாற்றி இரண்டாம் முறை கேட்டார்; பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். அவர் உதவ நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு அதே பதிலைச் சொன்னான்.

பேருந்தில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே பாத்திகள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியதும் நான் கேட்டேன். இன்னும் நேரம் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடலாம், அவள் வந்து பேசுவாள் என்றேன். நடத்துனர் கடந்துபோன பிறகு சொன்னான்.

"எனக்கு ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். ஒரு நாளு முடிஞ்சிடும். அவங்களுக்குத் தெரிஞ்சா அது ஆயுசுக்கும்."

அவனுக்கு வயது இருபத்தொன்பது. தடை முடியும்போது அவனைக் கூப்பிட ஓர் அணி இருக்குமா என்பதை இருவரும் பேசவில்லை.

ஆகஸ்ட் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை தீர்ப்பு வந்தது. மருந்து வந்த வழி நிறுவப்படவில்லை என்ற காரணத்தால் தண்டனைக் குறைப்புக்கு இடமில்லை, இரண்டு ஆண்டுகள். அணி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்ட செய்தியும் அதன் பின்னாலேயே வந்தது. அண்ணன் படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். வாசலில் கால்களை நீட்டி உட்கார்ந்து, வழக்கம்போல் வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா வேலையிலிருந்து வந்தாள். கால்களைக் கழுவினாள், உப்புநீர் அரித்த விரலிடுக்குகளில் எண்ணெய் தடவினாள். தீர்ப்பை நான் சொன்னேன். தண்ணீரில் கலந்தவன் நன்றாக இருக்க மாட்டான் என்று மட்டும் சொன்னாள். பிறகு, அண்ணன் முழங்காலைத் தேய்ப்பது அவள் கண்ணில் பட்டது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். தன் பங்கில் பாதியைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போட்டுக்கோ தம்பி. இனிமே ஓடவா போற, வலியோட எதுக்கு இருக்கணும்."

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். வெள்ளைக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ரோஸ் இருந்தது. மறுத்தால் ஏன் என்று கேட்பாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரைகளை வாயில் போட்டு, அவள் நீட்டிய சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தான். அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு, தன் பங்கையும் விழுங்கிவிட்டு, அடுப்படிக்குப் போனாள். அவளுடைய முகம் அடுப்பு வெளிச்சத்தில் வட்டமாக இருந்தது.

அவனுடைய மௌனத்தை நான் மதிக்கிறேன். அதைவிட அன்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த மௌனம் நீடிக்கும் ஒவ்வொரு மாலையும் அவள் முடிச்சை அவிழ்ப்பாள் என்பதும் அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை அம்மா வேலைக்குக் கிளம்பியபோது நானும் உடன் போனேன். இருவரும் வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். அவள் முன்னால் இருந்ததால் சொல்வது எளிதாக இருந்தது. ரோஸ் மாத்திரை என்ன, அது அண்ணனின் பைக்குள் எப்படிப் போனது, விசாரணையில் அவன் எதைச் சொல்லவில்லை, மருத்துவர் அவளைப் பற்றி என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. அவள் நடையை நிறுத்தவில்லை. பாத்தியோரத்து உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் திரும்பினாள்.

"இப்ப நான் வந்து சொன்னா வுடுவாங்களா?"

மேல்முறையீட்டுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. ஆனால் கடைக்காரர் சொல்லாமல், அட்டை இல்லாமல், தாய் சொல்வதை மட்டும் வைத்து விடமாட்டார்கள் என்று வழக்கறிஞர் முன்பே சொல்லியிருக்கிறார் என்றேன்.

"இல்லன்னு சொல்லேன். அத ஏன் சுத்திச் சொல்ற."

"இல்லம்மா."

அவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள். கூடையில் உப்பை அள்ளி நிரப்பினாள். வழக்கமான அளவு நிரப்பினாள். தூக்கிவிடும் பெண்கள் இன்னும் வந்திருக்கவில்லை. திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். கூடையின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் குனிந்தாள். நான் மறு விளிம்பைப் பிடித்து, மார்பளவுக்கு உயர்த்தி, அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.